தலைக்குப் பின்னால் 7 சென்ரிமீற்றர்

வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ நாலரைக் கிலோ. நிற்கிற கார் ஒன்றின் பின்பக்கத்தில் அதே எடையுள்ள இன்னொரு கார் மணிக்கு 32 கிலோமீற்றர் வேகத்தில் வந்து மோதினால், நின்ற கார் கண நேரத்தில் 16 கிலோமீற்றர் வேகத்துக்கு எகிறும். அது 0.09 விநாடியில் நடக்கிறதென்று வைத்து வகுத்தால், வருவது புவியீர்ப்பின் 5 மடங்கு. நாலரைக் கிலோத் தலையைக் காரோடு சேர்த்துக் கொண்டுபோக இருபத்திரண்டரைக் கிலோ பாரத்துக்குச் சமமான விசை வேண்டும். ஆசனம் முதுகைத் தள்ளிவிடும். தலையைத் தள்ளும் வேலை ஹெட்ரெஸ்ட் என்ற தலைதாங்கியினுடையது. அது உரிய இடத்தில் இல்லாவிட்டால் அந்த இழுவை முழுவதும் கழுத்தில் விழும்.

திருகோணமலையில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. இது துறைமுக மாவட்டம். சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற எண்ணெய்த் தாங்கிகள் 99. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி அவற்றில் 14 லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அதே குடாவைச் சுற்றி பிரிமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்து ஆலையும் இருக்கின்றன. எண்ணெய், மா, சீமெந்து ஏற்றிய பவுசர்களும் லொறிகளும் கந்தளாய், ஹபரண வழியாகப் போகும் ஏ6 வீதியில்தான் நம் கார்களும் வான்களும் கொழும்புக்கு ஓடுகின்றன.

33,000 லீற்றர் பவுசர் நிறைய டீசல் ஏற்றினால் எரிபொருள் மட்டுமே ஏறத்தாழ 27 தொன். முன்னால் நிற்கிற சின்னக் கார், இரண்டு பேரோடு, 0.9 தொன் என்று கொள்வோம். சம எடைக் கார் மோதினால் வந்த வேகத்தில் பாதிதான் முன்காருக்குப் போகும். 27 தொன் மோதினால் 97 வீதம் போகும். மேலே சொன்னபடி 32 கிலோமீற்றர் வேகத்தில் கார் மோதி ஏற்படுத்துகிற அதே உலுக்கலை, மணிக்குப் பதினாறரைக் கிலோமீற்றர் வேகத்தில் உருண்டு வருகிற பவுசரே ஏற்படுத்திவிடும். சைக்கிள்காரர் ஒருவர் சாதாரணமாக மிதித்துப் போகிற வேகம் அது.

பின்னாலிருந்து இடிபட ஏ6 இல் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. கந்தளாய் தாண்டினால் யானை வீதியைக் கடக்கும். மாடுகள் தாரில் படுத்திருக்கும். முன்னால் போகிறவர் சடன் பிரேக் அடித்தே ஆக வேண்டும். 60 கிலோமீற்றர் வேகத்தில் பின்னால் வருகிறவர் ஒரு விநாடி தாமதித்தால், பிரேக்கில் கால் படுமுன்பே 16 மீற்றருக்கு மேல் வந்துவிடுவார். தன் முதுகுக்குப் பின்னால் நடப்பதில் முன்காரில் இருப்பவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அவர் செய்ய வேண்டியது புறப்படுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

தலைக்கும் தலைதாங்கிக்கும் இடையிலுள்ள தூரம்தான் இந்தப் பேரேட்டில் முதல் வரி. அதே 5 மடங்கு முடுக்கத்தில், இடைவெளி 5 சென்ரிமீற்றர் என்றால் தலைதாங்கி வந்து தலையில் படும் வேகம் மணிக்கு 8 கிலோமீற்றர். 7 என்றால் 9.4. 10 என்றால் 11.3. 15 என்றால் 13.8. ஆசனத்தின் நெளிவையும் உடம்பின் சாய்வையும் விட்டுவிட்டுப் போட்ட கைக்கணக்கு இது. ஆசனத்துக்கு ஆசனம் எண்கள் மாறும். ஆனால் இதற்குள் இருக்கிற ஒரு விகிதத்தை மனதில் வைக்க வேண்டும்: இடைவெளி இரட்டித்தால் அடியின் சக்தியும் இரட்டிக்கும். 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் தலைதாங்கி தலையைத் தொட எடுக்கும் நேரம் 0.045 விநாடி. கண் இமைக்கவே 0.1 விநாடி வேண்டும். சுதாரித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு இதில் இடமில்லை.

அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களின் வீதிப் பாதுகாப்பு ஆய்வகம் ‘நன்று’ என்று புள்ளி போட வைத்த எல்லை, இடைவெளி 7 சென்ரிமீற்றருக்குள். தலைதாங்கியின் மேல்விளிம்பு உச்சந்தலையிலிருந்து 6 சென்ரிமீற்றருக்கு மேல் கீழே இறங்கக்கூடாது. 1995 மாதிரிக் கார்களை அளந்தபோது இதில் தேறியவை நூற்றுக்கு 3 மட்டுமே. அமெரிக்க அரசு 2004 இல் கொண்டுவந்த விதி இன்னும் இறுக்கமானது: முன்னாசனத்தில் இடைவெளி 55 மில்லிமீற்றர், இடுப்பு மட்டத்திலிருந்து உயரம் 800 மில்லிமீற்றர். 1969 ஜனவரி 1 அன்று தலைதாங்கி அங்கே கட்டாயமானபோது கேட்ட உயரம் 700 மில்லிமீற்றர்தான். அந்த 10 சென்ரிமீற்றரைக் கூட்ட 35 வருடங்கள் எடுத்தன.

செலவுக் கணக்குக்கு 1982 ஆம் ஆண்டின் அமெரிக்க அரச மதிப்பீடு ஒன்று இருக்கிறது. ஆசனத்தோடு ஒன்றாக வார்த்த தலைதாங்கி, பின்மோதலில் காயப்படும் வாய்ப்பை 17 வீதம் குறைத்தது. காரின் ஆயுள் முழுவதற்கும் அதன் செலவு 12 டொலர். ஏற்றி இறக்கக்கூடியது 40 டொலர். குறைத்ததோ 10 வீதம்தான். மூன்று மடங்குக்கு மேல் விலை, ஆனால் பலன் குறைவு. காரணம், அப்படிப்பட்டவற்றில் நூற்றுக்கு 75 கடைசிவரை கீழே இறக்கியபடியே கிடந்தன. யாரும் உயர்த்தவில்லை. காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு, கை நீட்டாததால் கைவிட்டுப் போயிருக்கிறது.

நம் ஊரில் நிலைமை வேறில்லை. உட்துறைமுக வீதியில் நிறுத்தியிருக்கும் கார்களின் கண்ணாடி வழியே பார்த்தாலே போதும்: தலைதாங்கி ஆசனத்தோடு ஒட்டிக் கீழே கிடக்கும், சிலவற்றில் வந்த நாள் பொலித்தீன் உறைகூடக் கழற்றப்படாமல். உயர்த்துவதற்குச் செலவு 0 ரூபா, நேரம் 10 விநாடி. இரண்டு இரும்புக் கம்பிகளில் ஒன்றில் வெட்டுகள் இருக்கும், அதன் அடியில் சின்னப் பிளாஸ்டிக் பொத்தான். பெரும்பாலான கார்களில் மேலே இழுக்கும்போது பொத்தானைத் தொடவே தேவையில்லை. ‘டக்’ என்று பூட்டும். இறக்கத்தான் அழுத்த வேண்டும். பூட்டியபின் உள்ளங்கையால் பலமாக ஒருதரம் கீழே அமுக்கிப் பாருங்கள். இறங்கிவிட்டால் பூட்டு தேய்ந்திருக்கிறது. 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை கார் இறக்குமதி நின்றுபோன நாட்டில் பழைய வாகனங்களையே வைத்து ஓட்டுகிறோம். இந்தச் சோதனையை ஒரு தடவையாவது செய்துவிட வேண்டும்.

சொகுசு பற்றிய முறைப்பாட்டை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். ‘தலையை முன்னுக்குத் தள்ளுது, கழுத்து நோகுது’ என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் பல கார்களில் தலைதாங்கி தாழ்ந்து கிடப்பதால் அதன் தடித்த பகுதி பிடரியில் முட்டுகிறது. இரண்டு வெட்டு உயர்த்தினால் அது பின்மண்டைக்குப் போய்விடும், நோவும் போகும். அப்போதும் தள்ளினால் சாய்வை ஒரு படி பின்னுக்கு எடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சிலர் தலைதாங்கியைக் கழற்றி முன்பின்னாக மாற்றிப் போடுகிறார்கள். இடைவெளி ஒரேயடியாகப் பெருத்துவிடும்.

காசு கொடுத்து ஆபத்து வாங்கும் இடம் சீற் கவர் கடை. முதுகுக்கு 5 சென்ரிமீற்றர் குஷன் வைத்தால் உடம்பு 5 சென்ரிமீற்றர் முன்னுக்கு வரும், தலையும் கூடவே வரும், தலைதாங்கி மட்டும் அங்கேயே நிற்கும். 5 ஆக இருந்த இடைவெளி 10 ஆகிறது. மேலே சொன்ன விகிதப்படி அடியின் சக்தி இரு மடங்கு. தடித்த கொண்டை போட்ட பெண்களுக்கும் இதே கணக்குத்தான். கொண்டையைக் கொஞ்சம் தாழ்த்திப் போட்டால் தலை பின்னுக்குப் போகும். இந்த வகைக் கழுத்துக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியும், பின்மோதல் சோதனைப் பொம்மை பல காலம் சராசரி ஆணின் அளவிலேயே இருந்தது. சுவீடனில் அஸ்ட்ரிட் லிண்டர் குழுவினர் 162 சென்ரிமீற்றர், 62 கிலோ அளவில் பெண் பொம்மையை 2022 இல்தான் முன்வைத்தார்கள்.

முச்சக்கரவண்டியில் பின்னால் இருப்பவருக்குத் தலைதாங்கியே கிடையாது. பதிவில் 11 இலட்சத்துக்கு மேல் இருக்கிற வாகனம். நெடுந்தூரத்துக்கும் பெரு வீதிக்கும் அதை எடுக்காமல் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. காரின் பின்னாசனத்தில், கண்ணாடி மறைக்காமல் இருக்கவென்று தாழ்த்தி வைத்த தலைதாங்கியை ஆள் ஏறியதும் இழுத்து உயர்த்த வேண்டும். அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறவர்கள் இதை அவர் சொல்லும்வரை காத்திருக்கக்கூடாது.

எனக்குப் பெரிய கவலை வாடகை வான்தான். கொழும்பு ஆஸ்பத்திரிக்கும் விமான நிலையத்துக்கும் இரவோடிரவாக ஓடுகிற டொல்பின் வான்களில் நடைபாதையில் மடக்கி விரிக்கிற ஆசனம் இருக்கும். அதன் முதுகு தோள்வரைகூட வராது. உயர்த்தத் தலைதாங்கியும் இல்லை, பொத்தானும் இல்லை. 10 பேர் சேர்ந்து வான் பிடித்து, அந்த ஓர் ஆசனத்தை மடக்கியே வைத்து 9 பேராகப் போனால், வாடகையில் ஒவ்வொருவர் பங்கும் 11 வீதம் கூடும்.