முட்டை ஓடு சொன்ன சாட்சி

1960-ஆம் ஆண்டு. பிரிட்டனில் தெற்கு வேல்ஸ் பகுதி. பகலெல்லாம் நிலக்கரிச் சுரங்கத்து இருட்டிலே பாடுபட்டு, மாலையில் புறா வளர்த்துப் பந்தயம் விடும் பாட்டாளிகள் வாழ்ந்த பகுதி. (புறாப் பந்தயத்தின் சுவையை வடசென்னைத் தோழர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை!) அந்தப் புறாக்காரர்கள் அரசாங்கத்துக்கு ஒரு மனுப் போட்டனர். வல்லூறு பெருத்துவிட்டது, பந்தயப் புறாக்களை அடித்துத் தின்கிறது, அதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பை நீக்குங்கள் என்பது மனுவின் சாரம்.

கேட்டதிலே குற்றம் காணமாட்டோம். கூலிப் பணத்தில் தீனி வாங்கிப் போட்டு வளர்த்த புறா, வீடு திரும்பும் வழியிலேயே பறிபோனால் வயிறு எரியாதா? முன்மாதிரியும் இருந்தது. 1940-இல், போர்க்காலத்தில், செய்தி சுமக்கும் புறாக்களைக் காப்பதற்காக வல்லூறுகளைக் கொல்லும்படி அரசாங்கமே ஆணை பிறப்பித்தது. நூற்றுக்கணக்கில் கொன்றார்கள்.

இம்முறை துப்பாக்கியைத் தூக்கவில்லை. பெருத்ததா இல்லையா, முதலில் எண்ணிப் பாருங்கள் என்றனர். எண்ணும் பொறுப்பு பிரிட்டிஷ் பறவையியல் அமைப்பிடம் வந்தது. டெரெக் ராட்கிளிஃப் என்ற அறிவியலாளர் வழிநடத்தினார்.

எண்ணியவர்கள் யார்? பட்டம் பெற்ற பத்துப் பேர் நாற்காலியில் அமர்ந்து எண்ணிவிடவில்லை. சம்பளம் வாங்காத சாதாரண மக்கள், பறவை பார்ப்பதிலே பற்றுள்ளவர்கள், கடலோரப் பாறைகளிலும் மலைமுகடுகளிலும் ஏறி இறங்கிக் குறித்து வந்தார்கள். வல்லூறும் நம் ஊர்க் கிழவர்களைப் போலத்தான். பாட்டன் குடியிருந்த பாறையை விட்டு எளிதில் நகராது. தலைமுறை தலைமுறையாக ஒரே பாறையில் கூடு. ஆகவே எந்தப் பாறை வெறிச்சோடியது என்பதைப் பழகிய கண்கள் உடனே கண்டுகொண்டன.

கண்டது என்ன? பெருத்துவிட்டது என்று புகார். போய்ப் பார்த்தால் அழிந்துகொண்டிருக்கிறது! 1963-இல் வல்லூறுகளின் தொகை, போருக்கு முன்பிருந்ததில் நூற்றுக்கு 44 பங்குதான். எஞ்சிய இணைகளிலும் குஞ்சு பொரித்தவை சிலவே.

கொன்றது யார்? துப்பாக்கி அல்ல, மருந்து! பூச்சி அரிக்காதிருக்க விதைநெல்லுக்கு மருந்து தடவுகிறோமே, அதுபோல அங்கே விதைத் தானியத்துக்கு டீல்ட்ரின் போன்ற நஞ்சுகளைத் தடவினார்கள். தானியத்தைப் புறா தின்றது. புறாவை வல்லூறு தின்றது. நஞ்சு படிப்படியாக மேலேறி வல்லூறின் உடலிலே குவிந்தது.

இன்னொரு புதிரும் இருந்தது. கூட்டிலே முட்டைகள் உடைந்து கிடந்தன. அடைகாக்கும் தாயின் பாரம் தாங்காமல் முட்டை உடையுமா? இதுபற்றி 1958-இலேயே எழுதியவர் ராட்கிளிஃப். மக்கள் எடுத்த கணக்கு, 1961-க்குப் பிறகு நடப்பதைச் சொல்லும். அதற்கு முன் நடந்ததை யார் சொல்வது? இறந்த காலத்துக்குச் சாட்சி வேண்டுமே!

சாட்சி இழுப்பறையில் இருந்தது. அந்நாட்டிலே செல்வர்களும் பாதிரிமார்களும் பறவை முட்டை சேகரிப்பதை ஒரு பொழுதுபோக்காகவே நடத்தி வந்தனர். ஓட்டிலே சிறு துளையிட்டு, உள்ளிருப்பதை வெளியேற்றி, பஞ்சின் மேல் வைத்து அழகு பார்ப்பார்கள். 1954-இல் சட்டம் வந்து அதைக் குற்றமென்றது. அதன் பிறகும் திருட்டுத்தனமாக எடுத்தவர்கள் உண்டு. அந்தப் பேராசையை நாம் புகழவில்லை. ஆனால் ஒன்று செய்தார்கள். எந்த நாள் எடுத்தது, எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதி வைத்தார்கள். அந்தச் சீட்டு மட்டும் இல்லையென்றால், ஓடு வெறும் ஓடு!

அருங்காட்சியகங்களிலும் தனியார் வீடுகளிலும் இருந்த அந்த ஓடுகளை ராட்கிளிஃப் தேடிச் சென்றார். தடிப்பை அளக்க ஓட்டை உடைக்க முடியாது. ஆகவே எடையைப் பார்த்தார், நீளத்தையும் அகலத்தையும் அளந்தார், எடையை நீள அகலப் பெருக்கத்தால் வகுத்தார். தராசும் அளவுகோலும் போதுமான வேலை. 1946 வரை ஏறத்தாழ ஒரே அளவு. 1947-ஐ ஒட்டித் திடீரென்று சரிவு! ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஓடு மெலிந்துவிட்டது. இதை 1967-இல் வெளியிட்டார்.

1947-ஐ ஒட்டி வந்த புதுமை என்ன? போர் முடிந்ததும் வயலுக்கும் வீட்டுக்கும் வந்த டி.டி.டி. அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றலை 1939-இல் கண்ட பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசே தந்தார்கள். மலேரியாக் கொசுவை ஒழித்ததில் அதன் பங்கை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அது உடலுக்குள் சிதைந்து உண்டாகும் பொருள், ஓட்டிலே சுண்ணாம்புச் சத்து படிவதைத் தடுக்கிறது.

அமெரிக்காவில் ஜோசப் ஹிக்கியும் டேனியல் ஆண்டர்சனும் 1,729 முட்டை ஓடுகளை எடைபோட்டு, 1968-இல் முடிவை வெளியிட்டனர். அங்கும் சரிவு 1947-இல்தான் தொடக்கம். இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தது தற்செயல் என்று தட்டிக்கழிக்கலாமல்லவா? அந்த வாயையும் 1969-இல் அடைத்தார்கள். வளர்ப்புச் சிறுவல்லூறுகளுக்குத் தீனியோடு டி.டி.டி.யும் டீல்ட்ரினும் கலந்து கொடுத்தார்கள். அவை இட்ட முட்டைகளின் ஓடு மெலிந்தது. 1972-இல் அமெரிக்கா வயல்களில் டி.டி.டி.க்குத் தடை போட்டது. பிரிட்டனில் இந்த நஞ்சுகளை 1960-களிலிருந்து படிப்படியாகக் கட்டுப்படுத்தினார்கள்.

2014-இல் மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் பாறை ஏறியவர்களில் பலர் சம்பளம் வாங்காதவர்களே. பிரிட்டனில் 1,700 இணைகளுக்கும் மேல் இருந்தன. இப்போது நகரத்துக் கோபுரங்களிலும் கூடு கட்டுகின்றன. புறாக்காரர்களோ இன்னும் புகார் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.