ஐந்து பேர், ஐந்து கட்டம்

நிரலர் விதிகள் – 9

முதல் 90 சதவீத வேலை 90 சதவீத நேரத்தைத் தின்னும், மிச்சமிருக்கும் 10 சதவீத வேலை இன்னொரு 90 சதவீத நேரத்தைத் தின்னும் என்ற பெல் லேப்ஸ் டாம் கார்கிலின் கணக்கைச் சென்ற வாரம் பார்த்தோம். கூட்டுத்தொகை 180 ஆனது ஏன் என்பதை மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரத்துக்கு, தாமதமான வேலைக்கு ஆள் சேர்ப்பதைப் பற்றிய புரூக்ஸ் விதி என்று அறிவித்திருந்தேன். ஆனால் பிரெடரிக் புரூக்ஸ் தன் 1975-ம் ஆண்டு நூலில் மெல்வின் கான்வே என்பவரை மேற்கோள் காட்டி, அவர் சொன்னதற்கு ‘கான்வே விதி’ என்று பெயரும் சூட்டியிருக்கிறார். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு 1968-ம் ஆண்டுக் கட்டுரைக்குப் போய்ச் சேர்ந்தபின், அதை ஒரு பத்தியில் முடித்துவிட்டு நகர மனம் வரவில்லை. நிரலர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் விதிகளில் இது ஆய்வாளர்களின் சோதனைக்கு உட்பட்டு, தேறியும் வந்திருக்கிறது. வேடிக்கைப் பேச்சாகச் சுற்றிவரும் ஒரு விதிக்குள் சரிபார்க்கத்தக்க கூற்று ஒளிந்திருக்கும், அதைச் சரிபார்ப்பது நம் கடமை என்று இத்தொடரில் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். அதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

நிரலர்கள் வாயில் இந்த விதி இப்படி வரும்: ஒரு கம்பைலரை எழுத நான்கு டீம்களைப் போட்டால் நான்கு கட்டக் கம்பைலர்தான் கிடைக்கும். மிகைப்படுத்திய கேலி போலத் தெரிகிறது. ஆனால் கான்வேயின் கட்டுரையிலேயே இதன் மூலம் இருக்கிறது. ஒப்பந்த அடிப்படையில் ஆராய்ச்சி செய்துதரும் ஒரு நிறுவனத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். கோபால், அல்கால் என்ற இரண்டு மொழிகளுக்கும் ஒவ்வொரு கம்பைலர் எழுதித்தர வேண்டும். எது எவ்வளவு கடினம், எவ்வளவு நாள் பிடிக்கும் என்று மதிப்பிட்டுப் பார்த்து, கோபாலுக்கு ஐந்து பேரையும் அல்காலுக்கு மூன்று பேரையும் ஒதுக்கினார்கள். வேலை முடிந்தபோது கோபால் கம்பைலர் ஐந்து கட்டங்களாக ஓடியது, அல்கால் கம்பைலர் மூன்று கட்டங்களாக ஓடியது. இன்னொரு உதாரணமும் தருகிறார். இரண்டு படைப்பிரிவுகள் சேர்ந்து பொதுவான ஓர் ஆயுத அமைப்பை உருவாக்க வேண்டும் என்று தலைமைத் தளபதி ஆணையிட்டாராம். பெரும்பாடு பட்டு அவர்கள் உருவாக்கியது தங்கள் நிர்வாக வரைபடத்தின் நகல்.

ஐந்துக்கு ஐந்து, மூன்றுக்கு மூன்று என்று பொருந்தியது தற்செயலாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நிரலர் எழுதுவதைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித்தருவது கம்பைலர். அன்றைய கணினிகளில் நினைவகம் சிறியது என்பதால் அந்த வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது வழக்கம்: ஒரு கட்டம் சொற்களைப் பிரிக்கும், அடுத்தது இலக்கணம் பார்க்கும், இன்னொன்று கட்டளைகளை உண்டாக்கும். ஆகவே கட்டங்களின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது ஆள் கணக்கல்ல, நினைவகத்தின் அளவுதான் என்று வாதிடலாம். இந்த இடத்தில்தான் என்னை இந்த வாரம் முழுவதும் பிடித்து வைத்துக்கொண்ட விஷயம் வருகிறது. கான்வே வெளியில் நின்று வேடிக்கை பார்த்தவர் அல்லர், கம்பைலர் எழுதுவதிலேயே தேர்ந்தவர். 1963-ல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை ஒரு கோபால் கம்பைலரின் வடிவமைப்பைப் பற்றியதுதான். கட்டுப்பாட்டை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொண்டு ஓடும் ‘கோரூட்டீன்’ என்ற நிரல்பகுதிகளை அதில் விளக்கினார். இன்றைய நிரல்மொழிகள் பலவற்றில் அது அன்றாடக் கருவி. அந்தக் கட்டுரையின் மையச் செய்தி என்ன? பகுதிகளைச் சரியாகப் பிரித்துவிட்டால், ஓரளவு பெரிய கணினியில் கம்பைலரை ஒரே கட்டத்தில் ஓட்டலாம். அதே வடிவமைப்பைச் சிறிய கணினியிலும் ஓட்டலாம், வேலைக்கு இரண்டு காந்த நாடாக்களும் கம்பைலருக்கு ஒரு நாடாவும் இருந்தால் போதும். கட்டங்களின் எண்ணிக்கை இயற்கை விதித்தது அல்ல, வடிவமைப்பவர் தேர்ந்தெடுப்பது என்று செய்து காட்டியவர் அவர். அப்படிப்பட்டவர் கண்ணில்தான் ஐந்தும் மூன்றும் பட்டன. எத்தனை கட்டம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்ற நிலையில், ஆள் எண்ணிக்கை எதுவோ அதுவே கட்ட எண்ணிக்கையாக அமைந்ததை அவர் வேடிக்கையாகக் கடந்துபோகவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு அவர் தரும் காரணம் மிக எளியது. ஒரு மென்பொருளின் இரண்டு பகுதிகள் சேர்ந்து இயங்க வேண்டுமானால், ஒன்று எதைத் தரும், மற்றது எதை வாங்கும் என்பதில் ஓர் உடன்பாடு வேண்டும். அந்த உடன்பாட்டை மென்பொருள் செய்துகொள்ள முடியாது. அந்தப் பகுதிகளை எழுதுகிறவர்கள் பேசித்தான் செய்துகொள்ள வேண்டும். அவர்கள் பேசிக்கொண்டால் அங்கே ஓர் இணைப்பு உண்டாகும், பேசாவிட்டால் இணைப்பு இருக்காது. ஆக, மென்பொருளில் எது எதோடு இணைந்திருக்கிறது என்று வரைந்தால், மனிதர்களில் யார் யாரோடு பேசினார்கள் என்ற படம்தான் கிடைக்கும். ஒரு பெரிய நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்ற வரிசையில் பட்டியல் இருக்காது, அந்த நிறுவனத்தின் துறைகள் எப்படிப் பிரிந்திருக்கின்றனவோ அதே வரிசையில் இருக்கும். ஒரே முகவரியை மூன்று பக்கங்களில் மூன்று முறை நிரப்பச் சொல்கிறார்கள் என்றால், பேசிக்கொள்ளாத மூன்று துறைகள் பின்னால் இருக்கின்றன என்று ஊகிக்கலாம்.

கான்வே இந்தக் கட்டுரையை 1967-ல் முதலில் அனுப்பியது ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவுக்கு. தன் கருத்தை அவர் நிரூபிக்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1968 ஏப்ரலில் டேட்டாமேஷன் என்ற கணினி இதழ் அதை வெளியிட்டது. மறுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எட்டுப் பேரையும் ஒரு படைத்தளபதியையும் வைத்து ஒரு பொதுவிதியை நிலைநாட்டிவிட முடியாது. சான்று கேட்டது சரி. ஆனால் அந்தச் சான்று, நாற்பது ஆண்டுகள் கழித்து, அதே ஹார்வர்டிலிருந்து வந்தது! ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த ஆலன் மக்கார்மக், கார்லிஸ் பால்ட்வின் இருவரும் ஜான் ரஸ்நாக்குடன் சேர்ந்து, ஒரே வேலையைச் செய்யும் மென்பொருள்களை இணை இணையாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் இணையிலும் ஒன்று ஒரே கூரையின்கீழ் நெருங்கி வேலைசெய்யும் நிறுவனம் எழுதியது, மற்றது உலகெங்கும் சிதறிக்கிடக்கும் திறமூலத் தன்னார்வலர்கள் எழுதியது. ஒரு பகுதியில் கைவைத்தால் வேறு எத்தனை பகுதிகள் ஆட்டம் காணும் என்று அளந்தார்கள். எடுத்துக்கொண்ட எல்லா இணைகளிலும், சிதறிக்கிடந்தவர்கள் எழுதியதே தனித்தனிப் பகுதிகளாகத் தெளிவாகப் பிரிந்திருந்தது. வித்தியாசம் சில இடங்களில் எட்டு மடங்கு வரை போனது. 2008-ல் முன்வரைவாக வந்த இந்த ஆய்வு 2012-ல் ரிசர்ச் பாலிசி இதழில் வெளியானது. அடிக்கடி பேச முடியாதவர்கள், பேசாமலே வேலை நடக்கும்படி மென்பொருளைப் பிரித்துக்கொள்கிறார்கள். நாள்தோறும் பேசுகிறவர்களின் மென்பொருள் பின்னிப்பிணைந்து கிடக்கிறது. கான்வே சொன்னது அதைத்தான்.

அதே 2008-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் நாச்சியப்பன் நாகப்பன், பிரெண்டன் மர்ஃபி இருவரும் மேரிலாண்டு பல்கலைக்கழகத்தின் விக்டர் பாசிலியுடன் சேர்ந்து வேறொரு கேள்வி கேட்டார்கள். விண்டோஸ் விஸ்டாவின் எந்தப் பகுதிகள் வெளியீட்டுக்குப் பின் பழுதாகும் என்று முன்கூட்டிச் சொல்ல எது உதவும்? நிரல் எவ்வளவு சிக்கலானது, எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டது, வெளியீட்டுக்கு முன் எத்தனை பக் கண்டுபிடிக்கப்பட்டது என்றெல்லாம் பார்ப்பது தொழிலின் வழக்கம். இவர்கள் நிரலுக்குள்ளேயே போகாமல் நிர்வாக வரைபடத்தைப் பார்த்தார்கள்: அந்தப் பகுதியில் எத்தனை பொறியாளர்கள் கைவைத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், மாற்றங்களைச் செய்தவர்கள் எத்தனை வெவ்வேறு பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். பழுதாகும் என்று இந்த முறை கைகாட்டிய பகுதிகளில் 100-க்கு 86 உண்மையிலேயே பழுதாகின. பழுதானவற்றில் 100-க்கு 84-ஐ இது முன்கூட்டியே பிடித்தது. நிரலின் சிக்கலை வைத்துச் சொன்ன கணிப்புக்கு இவை 79, 66. ஒரு வரி நிரலைக்கூடப் படிக்காமல், யாருக்கு யார் மேனேஜர் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, நிரலைப் படித்தவர்களைவிட நன்றாகக் கணிக்க முடிகிறது. நிரல் எழுதுவது கணினியோடு தனியாக அமர்ந்து செய்யும் வேலை என்ற எண்ணத்தை இந்த எண்களுக்குப் பிறகும் வைத்திருப்பது கடினம்.

மறுப்புகள் சிலவற்றுக்கு வலு உண்டு. டீம்கள் வெவ்வேறு ஊர்களில் இருப்பதால் வரும் சிக்கலை நிர்வாகத்தின் தலையில் கட்டுகிறோமோ என்பது ஒன்று. அடுத்த ஆண்டே நாகப்பன் உள்ளிட்ட ஒரு குழு விஸ்டாவிலேயே இதைச் சோதித்தது. ஒரே கட்டடத்தில் எழுதியதற்கும் ஊர்விட்டு ஊர் பிரிந்து எழுதியதற்கும் பழுது எண்ணிக்கையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பிரிப்பது தூரம் அல்ல என்று தெரிகிறது. இதைவிடக் கனமான மறுப்பு இன்னொன்று: நிறுவனம் மென்பொருளை வடிவமைக்கிறதா, மென்பொருள் நிறுவனத்தை வடிவமைக்கிறதா? பொருளுக்கு ஏற்றபடி ஆட்களைப் பிரிப்பதும் நடக்கத்தானே செய்கிறது? நடக்கிறது. ரெபெக்கா ஹெண்டர்சனும் கிம் கிளார்க்கும் 1990-ல் சிலிக்கான் சில்லுகளில் ஒளியால் அச்சிடும் கருவி செய்யும் நிறுவனங்களை ஆராய்ந்தபோது கண்டது இதுதான். பழைய கருவியின் பகுதிகளுக்கு ஏற்பப் பிரிந்துபோன நிறுவனங்கள், பகுதிகள் அப்படியே இருந்து அவை இணையும் விதம் மட்டும் மாறியபோது, மாற்றத்தைக் காண முடியாமல் தடுமாறின. ஆகவே அம்பு இரு திசையிலும் பாய்கிறது என்றே ஒப்புக்கொள்கிறேன். அதனால் கான்வே விதி பலவீனப்படுவதாக நான் நினைக்கவில்லை. முதல் மென்பொருளுக்காகப் பிரிந்த டீம், இரண்டாவது மென்பொருளையும் அதே பிரிவினையோடுதான் எழுதும். மூன்றாவது மறுப்பு, தனி ஒருவர் எழுதும் மென்பொருள். அங்கே பேசிக்கொள்ள ஆளே இல்லை, விதியும் அங்கே வாய் திறக்காது. அது விதியின் எல்லை, அதற்கு எதிரான சாட்சி ஆகாது.

விதி உண்மையென்றால் பழுதை எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது: பேசிக்கொள்ளாத இரண்டு குழுக்களுக்கு நடுவில். நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1998 டிசம்பர் 11-ல் கிளம்பி, 1999 செப்டம்பர் 23-ல் செவ்வாயின் அருகே தொலைந்தது. சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் கடந்திருக்க வேண்டிய விண்கலம் சுமார் 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டது. டென்வரில் லாக்ஹீட் மார்ட்டின் எழுதிய தரைநிலைய மென்பொருள் உந்துதலைப் பவுண்டு கணக்கில் எழுதி வைத்தது. பசடீனாவில் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியின் வழிநடத்தும் குழு அதே எண்களை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் 4.45 மடங்கு பிழை. மெட்ரிக் அளவில்தான் இருக்க வேண்டும் என்று எழுத்தில் விதிமுறை இருந்தது. அளவையை விட்டுவிட்டு இரண்டு பக்கத்துக் கணக்கையும் தனித்தனியே பார்த்தால் குற்றம் சொல்ல எதுவும் இல்லை, தவறு இரண்டு நிறுவனங்களுக்கும் நடுவில் கைமாறிய கோப்பில் இருந்தது. பாதை சற்றுப் பிசகுவதாக வழிநடத்துகிறவர்களுக்குப் பயணத்தின்போதே சந்தேகம் எழுந்திருக்கிறது. அது முறைப்படி போய்ச் சேர வேண்டியவர்களைச் சேரவில்லை என்று விசாரணைக் குழு அந்த நவம்பரில் எழுதியது. அளவைக் குழப்பம் என்ற தலைப்பில்தான் இந்தக் கதை எங்கும் சொல்லப்படுகிறது. என் வாதம், இது முதலில் பேச்சின் கதை.

இனி புரூக்ஸ். கான்வேயின் கட்டுரையின் பின்பகுதியில் ஒரு கணக்கு வருகிறது. கணக்குப்பிள்ளை பார்வையில் இரண்டு பேர் ஒரு வருடம் உழைப்பதும் நூறு பேர் ஒரு வாரம் உழைப்பதும் ஒன்றுதான், சம்பளம் ஏறக்குறைய அதேதான். ஆனால் இரண்டு பேருக்கு நடுவில் ஒரே ஒரு பேச்சுவழிதான் உண்டு, நூறு பேருக்கு நடுவில் 4,950. இரண்டு பேர் ஒரே வகையில்தான் பிரிந்து வேலை செய்ய முடியும். நூறு பேரைப் பிரிவு, உட்பிரிவு, மேற்பார்வை என்று அடுக்காமல் வேலை வாங்க முடியாது. பிரிந்த விதம் வேறானால் கிடைக்கும் மென்பொருளும் வேறு, ஆகவே இரண்டு உழைப்பையும் ஒப்பிடுவதே பொருந்தாது என்கிறார். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 திட்டத்தை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ், தாமதமான வேலைக்கு ஆள் சேர்த்தால் மேலும் தாமதமாகும் என்று 1975-ல் எழுதியபோது, இந்தக் கணக்கின் பாதி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. மீதிப் பாதியை அவர் எப்படிப் போட்டார், 2013-ல் அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் இணையதளம் விழுந்தபோது வெளியிலிருந்து ஆள் சேர்த்துத்தானே தூக்கி நிறுத்தினார்கள், அப்படியானால் விதி என்ன ஆனது என்ற கேள்விகளோடு அடுத்த வாரம்.