மாளிகை எழுப்பிய கைகள்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் ‘பெரிய பங்களா’ என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. மேட்டின்மேல் துரை வீடு. பள்ளத்தில் நம் லயம். இடையே ஒரு செம்மண் சாலை. அந்தச் சாலையில் நம் பாட்டன்மார் எத்தனை பேர் தோட்டக்காரராகவும் சமையற்காரராகவும் ஏறி இறங்கியிருப்பார்கள்! ஆனால், அந்தப் பங்களாவைக் கட்டியவர் யார் என்று நாம் என்றைக்காவது கேட்டதுண்டா? ‘துரை கட்டினார்’ என்று சொல்லிவிடுகிறோம். துரையா செங்கல் சுமந்தார்? துரையா சுண்ணாம்பு குழைத்தார்?

இதைச் சிந்திப்பதற்குப் பேராக் மாநிலத்துப் பத்து காஜாவைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. அங்கே மேட்டின்மேல், முடிவுபெறாத மாளிகை ஒன்று நிற்கிறது. கெல்லி கோட்டை என்பார்கள். பள்ளி விடுமுறையில் உங்களில் பலர் பிள்ளைகளுடன் போய்ப் பார்த்திருப்பீர்கள்.

அதன் உரிமையாளர் வில்லியம் கெல்லி சுமித். 1870ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் கெல்லஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். இருபது வயதில் மலாயா வந்து, காடு வெட்டிச் சாலை போடும் குத்தகை வேலையில் பொருள் சேர்த்தார். பிறகு கிந்தா பகுதியில் ஆயிரம் ஏக்கர் காடு வாங்கி ரப்பர் நட்டார். சொந்த ஊரின் நினைவாகத் தோட்டத்திற்குக் கிந்தா கெல்லஸ் என்று பெயர் சூட்டினார். மகன் பிறந்த 1915ஆம் ஆண்டில் இந்த மாளிகையைத் தொடங்கினார். செங்கல் இந்தியாவிலிருந்து வந்தது. மின்தூக்கிக்கென்று ஆறு மாடி உயரக் கோபுரமும் எழுந்தது.

வேலைக்கு ஆள்? சென்னையிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் சுமார் 70 பேர் வரவழைக்கப்பட்டார்கள். வளைவுகளையும் தூண்களையும் இன்று பார்த்து வியக்கிறோமே, அவை அவர்கள் கைவண்ணம்!

வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1918ஆம் ஆண்டில் உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் இங்கும் வந்தது. கூலிகள் பலர் மடிந்தார்கள். எஞ்சியவர்கள் துரையிடம் போய், மாரியம்மனுக்கு ஒரு கோவில் வேண்டும் என்று கேட்டார்கள். அவரும் இசைந்து உதவினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் அந்தக் கோவில் இன்றும் இருக்கிறது. அதன் மேற்புறத்தில் தெய்வ உருவங்களுக்கிடையே வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த ஓர் உருவம் நிற்பதைக் காணலாம். அது சுமித் துரைதான் என்கிறார்கள். செய்த நன்றியை நம்மவர் சிலையாக்கி வைத்துவிட்டார்கள்!

1926ஆம் ஆண்டில் சுமித், போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தார். வேலை நின்றது. அவர் மனைவி சொத்தை விற்றுவிட்டார். மின்தூக்கி ஏறவே இல்லை. மாரியம்மன் கோவிலில் மட்டும் விளக்கு அணையவில்லை.

கவனியுங்கள். துரையின் பெயரை, மனைவி மக்களின் பெயரை, அவர்கள் பிறந்த ஆண்டை எல்லாம் இந்தக் கதையில் சொல்கிறார்கள். கட்டியவர்களை மட்டும் ‘சுமார் 70 பேர்’ என்று எண்ணிக்கையில் முடித்துவிடுகிறார்கள்.

எல்லா இடத்திலும் இப்படித்தானா? இல்லை. அமெரிக்காவில் நம் சேலத்தின் பெயரையே கொண்ட ஒரு துறைமுக நகரம் உண்டு. நமக்கு எதிர்க்கரையிலுள்ள சுமத்திராவிலிருந்து மிளகு ஏற்றிச் சென்று அந்நகர வணிகர்கள் பெருஞ்செல்வம் சேர்த்தார்கள். சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் அழகழகான மாளிகைகளைக் கட்டினார்கள். அவற்றில் பலவற்றை அமைத்தவர் சாமுவேல் மெக்கின்டயர் என்ற மரச்சிற்பத் தச்சர். 1811ஆம் ஆண்டில் இறந்தார். அந்த மாளிகைகள் நிற்கும் பகுதிக்கே இன்று அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பணம் கொடுத்த வணிகர் பெயரோடு உளி பிடித்தவர் பெயரும் நிலைத்துவிட்டது!

நம் வட்டாரத்துக்கு வருவோம். கோலசிலாங்கூர் மாவட்டத்தில், 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில்தான் தென்னமரம் தோட்டம். பெயரிலேயே தமிழ் மணக்கிறது, பாருங்கள்! மலாயாவில் வாணிப முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது இங்கேதான், 1917ஆம் ஆண்டில். நடச் செய்தவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பக்கத்து ரந்தாவ் பாஞ்சாங்கில் வீடு கட்டி வாழ்ந்தவர். இங்குள்ள வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவல் 1930ஆம் ஆண்டில் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. துரையின் பெயர் நூலில் நின்றுவிட்டது. முதல் கன்றுக்குக் குழி வெட்டியவர் யாருடைய தாத்தாவோ? உங்களுடையவராகவும் இருக்கலாம் அல்லவா?

அன்பர்களே, தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறி வருகின்றன. பல இடங்களில் லயங்களை இடித்துவிட்டார்கள். அங்கே தாமான் வீடுகள் எழுந்துவிட்டன. நம் மக்களும் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். பங்களா படத்திலாவது இருக்கும். லயத்தின் கதை? அது முதியவர்களின் நெஞ்சில் மட்டுமே இருக்கிறது. அவர்களோடு அதுவும் போய்விடலாமா?

ஆகவே ஒன்று செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பாட்டியின் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், கங்காணி யார், கோவிலுக்குக் கல் சுமந்தவர் யார் யார் என்று கேட்டுப் பெயர் பெயராக எழுதட்டும். பழைய புகைப்படங்களின் பின்புறத்திலும் பெயர்களைக் குறித்து வையுங்கள். கோவில் திருவிழாவில் அந்தப் பெயர்களை ஒருமுறை உரக்கப் படியுங்கள்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், பணமும் வேண்டாம். ஒரு பென்சிலும் கொஞ்சம் பொறுமையும் போதும். துரையை நன்றியோடு கோவிலில் வைத்த சமுதாயம் நம்முடையது. நம் சொந்தப் பாட்டனுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி ஒதுக்க மாட்டோமா?