ஒரு கட்டுரை, ஆறு கேள்விகள்

ஒரு வகுப்பில் நாற்பது மாணவர்கள். எல்லோருக்கும் ஒரே கட்டுரையைக் கொடுத்து, ஒரே வினாவுக்கு விடை எழுதச் சொல்கிறோம். சிலர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். சிலர் முதல் பத்தியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். இதற்கு என்ன வழி?

தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு படிகளில் அமைந்தன. இவை வாசிப்பின் படிகள். சிந்தனைக்கும் படிகள் உண்டு. அமெரிக்கக் கல்வி அறிஞர் பெஞ்சமின் புளூமும் அவர் குழுவினரும் 1956-ல் அவற்றை வகுத்தனர். 2001-ல் திருத்தப்பட்ட வரிசைப்படி அவை நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என ஆறு.

இவ்விரண்டும் வெவ்வேறு ஏணிகள். மெதுவாக வாசிக்கும் மாணவன் மேற்படியில் சிந்திக்க முடியாது என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

வடசென்னையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நம் கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. 1870-களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. கரையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. தூண்டில் வளைவுகளும் அமைக்கப்பட்டன. இச்செய்தியை ஒரு பக்கக் கட்டுரையாகக் கொடுத்து, கீழ்க்கண்ட வினாக்களைக் கரும்பலகையில் எழுதலாம்.

1. அரிப்புக்கு உள்ளான ஊர்கள் எவை?
2. தெற்கே மணல் சேர்ந்ததும் வடக்கே குறைந்ததும் ஏன்? உன் சொற்களில் கூறு.
3. ஒரு தட்டில் மணலும் நீரும் இட்டு, ஒரு செங்கல் துண்டை வைத்துச் சாய்வாக அலை எழுப்பு. என்ன நிகழ்கிறது?
4. வாடைக் காலத்தில் மணல் தெற்கு நோக்கி நகர்கிறது. ஆயினும் இழந்த கரை முழுதும் மீளாதது ஏன்?
5. ஓர் ஊரின் தூண்டில் வளைவு அதற்கு வடக்கே உள்ள ஊருக்கு நன்மையா, தீமையா?
6. இரண்டு ஊர்களும் பிழைக்க ஒரு திட்டம் வரைந்து காட்டு.

முதல் மூன்றில் ஒன்று, பின் மூன்றில் ஒன்று; எது என்பது மாணவரின் விருப்பம். இந்த விதி இல்லாவிட்டால் கெட்டிக்காரரும் எளிய வினாவோடு நின்றுவிடுவார். தேர்வு செய்யும் உரிமை இல்லாவிட்டாலோ, 'இவனுக்கு இது போதும்' என்று நாமே முடிவு கட்டிவிடுவோம்.

அந்த முடிவால் நேரும் நட்டம் சிறிதன்று. திருவொற்றியூர்க் குப்பத்து மாணவி ஒருத்தி எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். ஆனால் வாடையில் கரை எப்படி மாறும் என்பதைக் கண்டு வளர்ந்தவள் அவள். நான்காம் வினாவுக்கு அவள் வாயால் சொல்லும் விடை, வேகமாக வாசித்தவரின் விடையைவிடச் சிறந்ததாக இருக்கக்கூடும். முதல் வினாவை மட்டுமே கொடுத்திருந்தால் அந்த அறிவு வகுப்புக்கு வந்தே இராது. அவளுக்கு வாசிப்பில் உதவி தேவைதான். கட்டுரையைத் தோழி உரக்கப் படித்துக் காட்டட்டும். சிந்திக்கும் வேலையை மட்டும் அவளிடமிருந்து பறிக்க வேண்டாம்.

நீங்கள் மாணவரானால், இந்த இதழிலேயே ஒரு கட்டுரையை எடுத்து ஆறு படிகளுக்கும் ஆறு வினாக்கள் எழுதிப் பாருங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த இரண்டுக்கு விடை தேடுங்கள். படித்தது உங்களுடையதாகிவிடும்.