பி.காம். சேரலாம், எந்த பி.காம்.?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் கல்லூரி வாசல்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "பையனை பி.காம். சி.ஏ.வில் சேர்த்திருக்கிறோம். மூணு வருஷத்தில் ஆடிட்டராகிவிடுவான்." அந்த சி.ஏ. என்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டருக்கான சி.ஏ.வை எந்தப் பல்கலைக்கழகமும் தருவதில்லை. அதை நடத்துவது நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம். அதன் தேர்வுகள் வேறு, கட்டணம் வேறு, காலம் வேறு. பி.காம். சி.எஸ்.ஸிலும் இதே குழப்பம் உண்டு. கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் படித்தாலே கம்பெனி செக்ரட்டரி ஆகிவிடலாம் என்று நம்பிச் சேர்பவர்கள் இருக்கிறார்கள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் முழுநேரக் கம்பெனி செயலாளரை வைத்திருக்கவேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த நாற்காலிக்குக் கம்பெனிச் செயலாளர் நிறுவனத்தின் தேர்வுகளை எழுதித்தான் வரமுடியும். பட்டத்தின் பெயர் அதற்குப் போதாது.

இந்தக் குழப்பத்துக்குக் குடும்பங்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே, அதன் இணைப்புக் கல்லூரிகளில் பி.காம். பொதுப்பிரிவு, கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், கணக்கியல் மற்றும் நிதி, வங்கி மேலாண்மை, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ், தகவல் அமைப்பு மேலாண்மை, மார்க்கெட்டிங், ஹானர்ஸ் என்று வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் பி.பி.ஏ. தனியாக. வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இவற்றைப் பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. விண்ணப்பப் படிவமோ விருப்ப வரிசையை மட்டும் கேட்கிறது.

பாடத்திட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் குழப்பம் பாதி தெளிந்துவிடும். எல்லா பி.காம்.களும் மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர். பகுதி ஒன்றில் தமிழ் அல்லது வேறொரு மொழி, பகுதி இரண்டில் ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மைப் பாடங்களும் துணைப் பாடங்களும், அதன்பிறகு திறன் பாடங்களும் விரிவாக்கப் பணியும். முதல் ஆண்டில் நிதிக் கணக்கியல், இரண்டாம் ஆண்டில் கம்பெனிக் கணக்கியலும் கம்பெனிச் சட்டமும், மூன்றாம் ஆண்டில் அடக்கவிலைக் கணக்கியல், வருமான வரி, தணிக்கை. பெரும்பாலான பி.காம்.களுக்கும் இதுதான் முதுகெலும்பு. பிரிவின் பெயருக்கு ஏற்பச் சில தாள்கள் மட்டும் மாறும். வங்கி மேலாண்மையில் வங்கித் தாள்கள் கூடும். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸில் நிரலாக்கமும் தரவுத்தளமும் வரும், அவற்றுக்கு இடம்விட்டு ஓரிரு வணிகவியல் தாள்கள் விடைபெறும்.

ஆகவே என் கருத்தைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். பி.காம்.முக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பிரிவின் பெயருக்காக வீட்டுக்குத் தொலைவான கல்லூரிக்கோ, பல மடங்கு கட்டணம் வாங்கும் பிரிவுக்கோ போகவேண்டியதில்லை. நல்ல ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரியில் பொதுப்பிரிவு கிடைத்தால் அதுவே போதும்.

சேருவதற்கு என்ன வேண்டும்?

மேல்நிலையில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படித்தவர்களுக்கே பி.காம்.மில் முன்னுரிமை. அறிவியல் பிரிவு மாணவர்களை எத்தனை இடத்துக்கு, எந்தப் பிரிவில் எடுக்கலாம் என்பது பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் ஏற்ப மாறும் என்பதால் அந்தந்தக் கல்லூரியின் தகவல் கையேட்டைப் பார்த்தே ஆகவேண்டும். இடம் கிடைத்துவிட்டால் போதாது. கணக்குப்பதிவியலை ஒருநாள்கூடத் தொடாத பிள்ளைக்கு முதல் செமஸ்டர் கடினமானது. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு எல்லாம் தெரிந்த பிள்ளைகள் பிழை திருத்தத்துக்கு நேராகப் போய்விடுவார்கள். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாதபோது வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் வைப்பது, பிறகு ஒவ்வொரு பிழையாகத் தேடித் திருத்தி அந்தக் கணக்கை மூடுவது, தேய்மானம், மாற்றுச்சீட்டு என்று பாடம் ஓடும். புதிதாக வருபவர் சேர்க்கைக்கும் வகுப்பு தொடங்குவதற்கும் இடையிலுள்ள வாரங்களில் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தைக் கையில் எடுத்து, அதன் பயிற்சிக் கணக்குகளைப் போட்டுவிட்டு வருவது நல்லது. அரசின் பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் டி.என்.காசா இணையதளம் வழியாகத்தான். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் மட்டும். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று தரவரிசைக் கணக்கு. வணிகவியல் போன்ற பாடங்களுக்குத் தரவரிசை 600-க்கு அல்ல, மொழிப்பாடங்களை நீக்கிவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400-க்கு. ஒருவர் மொத்தம் 520 எடுத்திருக்கிறார். அதில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து 180. அவருடைய தரவரிசை மதிப்பெண் 340. இன்னொருவர் மொத்தம் 510-தான், ஆனால் மொழிகளில் 155. அவருக்கு 355. பின்னவர்தான் பட்டியலில் முன்னால் நிற்பார். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து "நமக்கு இடம் கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே விட்டவர்களும், "எப்படியும் கிடைக்கும்" என்று ஒரே கல்லூரியை மட்டும் எழுதியவர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இடங்களில் 69 சதவீதம் இடஒதுக்கீடு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 18, இதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினர் 1. மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் பிள்ளைகள் போன்றோருக்கான சிறப்புக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே முடிந்துவிடும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது.

கட்டணத்தில் வித்தியாசம் மிகப் பெரிது. அரசுக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. சிறு சிறு கட்டணங்கள்தான். அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே வளாகத்துக்குள் உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். பெரும்பாலும் காலையில் ஒன்று, மதியத்தில் மற்றொன்று. பட்டம் ஒன்றுதான், தருகிற பல்கலைக்கழகமும் ஒன்றுதான், கட்டணம் மட்டும் வேறு. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியுடையவை, பட்டம் பல்கலைக்கழகத்துடையது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்; 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. பஸ் பாஸ் போக, புத்தகத்துக்கும் ஒரு தொழில்முறைத் தேர்வின் பதிவுக்கும் இந்தத் தொகையைச் சேர்த்துவைக்கலாம்.

பி.பி.ஏ. யாருக்கு?

மேலாண்மைக் கோட்பாடு, மார்க்கெட்டிங், மனிதவளம், நிறுவன நடத்தை, உற்பத்தி நிர்வாகம் ஆகியவை பி.பி.ஏ.வின் மையம். கணக்கியல் உண்டு, ஆனால் மேலாளருக்குத் தேவையான அளவில். பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பிரிவு மாணவரும் சேரலாம். 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ., பி.சி.ஏ., பி.எம்.எஸ். படிப்புகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் வரம்புக்குள் வந்துவிட்டன. சேரும் கல்லூரிக்கு அதன் ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது உங்கள் உரிமை.

எம்.பி.ஏ. படிப்பது உறுதி, அல்லது குடும்பத்தில் கடையோ சிறு தொழிலோ இருக்கிறது, மூன்றாண்டில் அதை எடுத்து நடத்தவேண்டும் என்றால் பி.பி.ஏ. பொருத்தம். வரி, கணக்கு, தணிக்கை பக்கம் போவதாக இருந்தால் பி.காம்.தான். இரண்டுக்கும் நடுவில் தயங்குகிறவர்களுக்கு பி.காம்.மைத்தான் சொல்வேன். பி.காம். முடித்தவர் எம்.பி.ஏ.வுக்குப் போக எந்தத் தடையும் இல்லை, பி.பி.ஏ. முடித்தவருக்கு எம்.காம். எல்லாக் கல்லூரியிலும் எளிதில் திறப்பதில்லை.

தேர்ச்சி 40, கதவு 55

சேர்க்கைக்கான தகுதியை எல்லோரும் விசாரிக்கிறார்கள். வெளியே வரும்போது யார் என்ன மதிப்பெண் கேட்பார்கள் என்பதை மூன்றாம் ஆண்டின் கடைசியில்தான் பலர் தெரிந்துகொள்கிறார்கள். அப்போது காலம் கடந்துவிடுகிறது. இந்தக் கட்டுரையை எழுதவைத்ததே அந்த ஆதங்கம்.

பல்கலைக்கழகத் தேர்ச்சி மதிப்பெண் நூற்றுக்கு 40. அகமதிப்பீட்டுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75. எல்லாத் தாளிலும் நாற்பதுகளில் தேறினாலும் பட்டம் பட்டம்தான். ஆனால் அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டு டான்செட் நுழைவுத்தேர்வு வழியாக எம்.பி.ஏ.வுக்குப் போனால் 50 சதவீதம் கேட்கிறார்கள். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்விலும் அடிப்படை 50. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45. சி.ஏ.வில் முதல் கட்டமான ஃபவுண்டேஷனை எழுதாமல் நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் போகும் வழி பட்டதாரிகளுக்கு உண்டு. வணிகவியல் பட்டதாரி என்றால் 55 சதவீதம், மற்ற பட்டதாரிகளுக்கு 60. 55-க்குக் கீழே நிற்கும் பி.காம். பட்டதாரி மீண்டும் பிளஸ் டூ மாணவர்களோடு உட்கார்ந்து ஃபவுண்டேஷன் எழுதவேண்டியதுதான். முதல் ஆண்டிலேயே இந்த எண் தெரிந்தால் ஒவ்வொரு செமஸ்டரிலும் இலக்கு 40 ஆக இருக்காது.

வங்கித் தேர்வுகளும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-வின் பெரும்பாலான பதவிகளும் ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும் என்கின்றன. அரசு வேலை அறிவிப்பில் "பி.காம்." என்று குறிப்பிட்டுக் கேட்டிருந்தால், அடைப்புக்குறிப் பட்டங்கள் அதற்கு இணையா என்பதை அரசாணை பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். புதுப் பெயர்களில் பட்டம் வாங்கியவர்கள் இணைச்சான்றுக்காக அலைவது அதனால்தான். பொதுப்பிரிவு பி.காம்.முக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆசிரியராக விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். கணிதமோ தமிழோ இளநிலையில் படித்தவர் நேராக பி.எட். சேரலாம். வணிகவியலில் அப்படி முடியாது, தமிழ்நாட்டில் பி.எட். சேர எம்.காம். முடித்திருக்கவேண்டும். ஆகவே இது மூன்றும் இரண்டும் இரண்டுமாக ஏழு ஆண்டுப் பயணம்.

சி.ஏ.வைக் கூடவே படிப்பது

சி.ஏ. ஃபவுண்டேஷனில் நான்கு தாள்கள். ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். கொள்குறித் தாள்களில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள். கணிதமும் புள்ளியியலும் ஒரு முழுத் தாள் என்பதால் மேல்நிலையில் வணிகக் கணிதம் எடுத்தவர்களுக்கு அது கைகொடுக்கும். தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுதமுடியும். தமிழில் எழுத வழியில்லை. தமிழ்வழி மாணவர்களுக்கு இது அநீதி என்றே நினைக்கிறேன். அந்த நிலை மாறும்வரை, முதல் செமஸ்டரிலிருந்தே கணக்கியலை ஆங்கிலப் புத்தகத்திலும் ஒருமுறை படித்துப் பழகுவதுதான் வழி.

இன்டர்மீடியட்டின் இரண்டு குரூப்பும் தேறியபிறகு ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டர் அலுவலகத்தில் செய்முறைப் பயிற்சி. முன்பு மூன்று ஆண்டு, புதிய திட்டத்தில் 2023 முதல் இரண்டு ஆண்டு. கல்லூரி வகுப்பு நேரம் அந்த அலுவலக நேரத்தோடு மோதக்கூடாது என்பதால் பலர் பட்டத்தை முடித்துவிட்டே ஆர்ட்டிகிள்ஷிப்புக்குப் போகிறார்கள். பயிற்சி மையத்துக்குப் போவதற்காகக் கல்லூரியில் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் செமஸ்டர் தேர்வே சிக்கலாகும்.

சில சுயநிதிக் கல்லூரிகள் பி.காம்.மோடு ஏ.சி.சி.ஏ. சேர்த்துத் தருவதாகச் சொல்லிப் பெருந்தொகை வாங்குகின்றன. ஏ.சி.சி.ஏ. பிரிட்டனைச் சேர்ந்த மதிப்புமிக்க அமைப்பு. பன்னாட்டு நிறுவனங்களின் கணக்கியல் பிரிவுகளில் அதற்கு வேலை உண்டு. ஆனால் இந்தியக் கம்பெனியின் சட்டப்படியான தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட இந்தியப் பட்டயக் கணக்காளருக்குத்தான் அதிகாரம். கடன் வாங்கிக் கட்டணம் கட்டுமுன் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

சேருமுன் கவனிக்க இன்னும் இரண்டு விஷயங்கள். தொலைநிலைக் கல்வியில் பி.காம்., பி.பி.ஏ. படிப்பவர்கள், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த ஆண்டு அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்க்கவேண்டும். அனுமதி ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது.

அரசுக் கல்லூரிகள் சிலவற்றில் பி.காம். தமிழ்வழியிலும் இருக்கிறது. மதிப்புக் குறைவு என்று அதை ஒதுக்குகிறவர்கள், அரசுப் பணி நியமனங்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருப்பதை மறந்துவிடுகிறார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து, பதவிக்குக் கேட்கும் கல்வித்தகுதிவரை முழுக்கத் தமிழ்வழியில் படித்திருக்கவேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டுப் பட்டத்தை மட்டும் ஆங்கிலவழியில் முடித்தால், பட்டம் கேட்கும் பதவிகளில் இந்த முன்னுரிமை போய்விடும். குரூப் 2 உங்கள் கனவு என்றால் கலந்தாய்வில் பாடத்தின் பெயரோடு பயிற்றுமொழியையும் பாருங்கள். பட்டம் வாங்கிய கையோடு தமிழ்வழிச் சான்றிதழையும் கல்லூரியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்தபிறகு பள்ளிக்கும் கல்லூரிக்கும் அலைந்தால் கடைசித் தேதி காத்திருக்காது.