வேலியே பயிரை மேய்ந்தால்...?

பதவியில் இருப்பவனையும் கூண்டில் ஏற்றும் சட்டம்
தீர்ப்புச் சொன்னவர்களில் ஒரு தமிழ்ப் பெண்!

திருவண்ணாமலையில் இருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது, கீழ்பென்னாத்தூர்.

அங்கே ஒரு களத்து மேட்டில் இருந்து ஒரு மூட்டை மல்லாட்டை திருட்டுப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். (வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர்.)

பறிகொடுத்தவர் என்ன செய்வார்? போலீஸ் நிலையத்துக்குப் போவார். புகார் எழுதிக் கொடுப்பார். திருடன் பிடிபட்டால் கோர்ட்டில் வழக்கு நடக்கும். சாட்சி விசாரணை நடக்கும். குற்றம் நிரூபணமானால் ஜெயில்!

ஒரு மூட்டை மல்லாட்டைக்கே இவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது.

ஆனால், ஒரு நாட்டை ஆளுகிறவர்களே தங்கள் மக்களைக் கொன்று குவித்தால்? போலீசும் அவர்கள் கையில். பட்டாளமும் அவர்கள் கையில். யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பாடம் ஒன்று இருக்கிறது. அதற்கு "சர்வதேசக் குற்றச் சட்டம்" என்று பெயர். சட்டம் படிக்கும் மாணவர்கள் இதைப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அதன் அடிப்படை எல்லோருக்கும் விளங்கக் கூடியதுதான்.

கோழியும் மனிதனும்

போலந்து நாட்டில் ராபேல் லெம்கின் என்ற மாணவர் இருந்தார். லவோவ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர்.

முதல் உலகப் போரின்போது துருக்கியில் ஆர்மீனியர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதற்குக் காரணமான தலைவர்களில் ஒருவரை, 1921-ல் பெர்லின் நகரத் தெருவில் ஓர் ஆர்மீனிய வாலிபர் சுட்டுக் கொன்றார். வாலிபர் மீது கொலை வழக்கு நடந்தது.

லெம்கினுக்கு ஒரு சந்தேகம். "ஒருவன் ஒருவனைக் கொன்றால் குற்றம். ஓர் அரசாங்கம் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றால் மட்டும் குற்றம் இல்லையா?" என்று பேராசிரியரிடம் கேட்டார்.

பேராசிரியர் ஓர் உதாரணம் சொன்னார். ஒரு குடியானவன் கோழி வளர்க்கிறான். தன் கோழிகளை அவனே கொல்கிறான். அது அவன் விவகாரம். வெளியார் தலையிட முடியாது என்றார்.

மக்கள் என்ன கோழிகளா? லெம்கினால் அதை ஏற்க முடியவில்லை.

இரண்டாவது உலகப் போர் வந்தது. ஹிட்லரின் ஆட்கள் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். யூதரான லெம்கினின் தாய், தந்தை உள்பட உறவினர் 49 பேர் மாண்டார்கள்.

1944-ல் லெம்கின் இந்தக் குற்றத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் நாம் "இனப்படுகொலை" என்று சொல்வது அதைத்தான். 1948 டிசம்பர் 9-ந் தேதி ஐ.நா. சபை அதை உலகக் குற்றமாக அறிவித்து ஓர் ஒப்பந்தம் செய்தது. 1959-ல் இந்தியா அதை உறுதி செய்தது.

"மேலிடத்து உத்தரவு!"

போர் முடிந்ததும் ஜெர்மனியில் நூரம்பர்க் நகரில் வழக்கு நடந்தது. 22 தலைவர்கள் மீது விசாரணை. 1946-ல் தீர்ப்பு வந்தது. 12 பேருக்குத் தூக்கு. 3 பேர் விடுதலை. மற்றவர்களுக்கு ஜெயில்.

"மேலிடத்து உத்தரவுப்படி செய்தேன்" என்று சொன்னவர்களும் தப்பவில்லை. கொடுமை செய்யும்படி வந்த உத்தரவு கொடுமைக்குச் சாக்கு ஆகாது என்றது கோர்ட்டு. கூண்டில் நின்றது ஜெர்மனி என்ற நாடு அல்ல, தனித்தனி ஆட்கள். இந்தப் பாடத்தின் அஸ்திவாரம் இதுதான்.

ஜப்பானியத் தலைவர்கள் மீது டோக்கியோவில் வழக்கு நடந்தது. அங்கே 11 நீதிபதிகள். அவர்களில் ஒருவர் இந்தியர். வங்காளத்தைச் சேர்ந்த ராதா வினோத் பால். 1948-ல் அவர் மற்றவர்களுடன் சேராமல் தனித் தீர்ப்பு எழுதினார். கொடுமைகள் நடந்ததை அவர் மறுக்கவில்லை. ஆனால், போர் தொடுப்பது குற்றம் என்று சட்டம் வருவதற்கு முன்பு நடந்ததற்குத் தண்டனை கொடுக்கலாமா, ஜெயித்தவன் தோற்றவனை விசாரிப்பது நீதியா என்று கேட்டார்.

அந்தக் கேள்வி இன்றும் வகுப்பறைகளில் விவாதிக்கப்படுகிறது.

பஸ் டிரைவரின் மகள்

இனி நம் தமிழ்ப் பெண்ணின் கதை.

1860 நவம்பர் 16-ந் தேதி, சென்னையில் இருந்து சென்ற ஒரு கப்பல் தென் ஆப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்யப் போனவர்கள் அதில் இருந்தார்கள். 1911 வரை இப்படிப் போன இந்தியர்கள் சுமார் 1½ லட்சம் பேர். ஆர்க்காட்டுச் சீமையில் இருந்து போன ஏழைகளும் அதில் உண்டு.

அந்த டர்பனில், ஒரு தமிழ்க் குடும்பத்தில், 1941-ல் பிறந்தவர் நவநீதம் பிள்ளை. தந்தை பஸ் டிரைவர்.

சிறுமியாக இருந்தபோது, தந்தையின் சம்பளப் பணத்தைக் கையில் கொண்டு போனார். ஒருவன் அதைப் பறித்துக்கொண்டான். சிறுமி கோர்ட்டுக்குப் போய்ச் சாட்சி சொன்னாள். திருடனுக்குத் தண்டனை கிடைத்தது. பணம் மட்டும் திரும்பி வரவே இல்லை!

சட்டம் படிக்க ஆசைப்பட்டார். வீட்டில் வசதி இல்லை. அக்கம்பக்கத்து இந்தியர்கள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். நேட்டால் பல்கலைக்கழகத்தில் படித்து, 1965-ல் சட்டப் பட்டம் பெற்றார்.

வெள்ளையர் ஆட்சி நடந்த காலம். கறுப்பரையும் இந்தியரையும் ஒதுக்கி வைத்த நிறவெறிக் காலம். வெள்ளையர் அல்லாத வக்கீலை வேலைக்கு வைத்துக்கொள்வார் இல்லை. நவநீதம் கலங்கவில்லை. 1967-ல் சொந்தமாக வக்கீல் அலுவலகம் திறந்தார். நேட்டால் மாகாணத்தில் வெள்ளையர் அல்லாத பெண் ஒருவர் அப்படித் திறந்தது அதுவே முதல் தடவை.

அவர் கணவரும் வக்கீல். போலீசார் அவரைப் பிடித்துக் காவலில் வைத்தபோது, அவரைக் கொடுமைப்படுத்தி விசாரிக்கக் கூடாது என்று நவநீதம் கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கினார். ராபன் தீவு ஜெயிலில் நெல்சன் மண்டேலாவோடு இருந்த அரசியல் கைதிகளுக்கு வக்கீலைப் பார்க்கும் உரிமையை 1973-ல் வாங்கிக் கொடுத்ததும் இவரே. பின்னர் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1988-ல் சட்டத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

28 ஆண்டு வக்கீல் தொழில் செய்தும், நீதிபதியின் தனி அறைக்குள் அவர் நுழைந்தது இல்லை. வெள்ளையர் அல்லாத வக்கீலுக்கு அங்கே அனுமதி கிடையாது. நிறவெறி ஆட்சி ஒழிந்தபின், 1995-ல் ஐகோர்ட்டில் தற்காலிக நீதிபதி ஆனார். அவர் முதன்முதலில் நுழைந்த நீதிபதி அறை, அவருடைய சொந்த அறைதான்!

100 நாளில் 8 லட்சம் உயிர்

அதே 1995-ல் ஐ.நா. சபை அவரை ஒரு பெரிய பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்தது.

ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்று ஒரு சிறிய நாடு. 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை, சுமார் 100 நாட்களில், அங்கே ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் டுட்சி இனத்தவர். கொன்றவர்கள் ஹூட்டு இனத் தீவிரவாதிகள். கொலைக்கு உடன்படாத ஹூட்டுகளும் கொல்லப்பட்டார்கள்.

குற்றவாளிகளை விசாரிக்க, தான்சானியாவில் அருஷா நகரில் ஐ.நா. ஒரு கோர்ட்டு அமைத்தது. அதில் முதல் நான்கு ஆண்டுகள் ஒரே பெண் நீதிபதியாக இருந்தவர், நவநீதம் அம்மையார்.

சாட்சி சொன்ன பெண்கள்

தபா என்ற வட்டாரத்தின் தலைவர் அகாயேசு. முன்பு பள்ளி ஆசிரியராகவும் பள்ளி இன்ஸ்பெக்டராகவும் இருந்தவர். கலவரம் தொடங்கியபோது முதலில் அவர் அதைத் தடுக்கப் பார்த்தார். சில நாட்களில் மனம் மாறினார். கொலைகாரர்கள் பக்கம் சேர்ந்தார்.

டுட்சிப் பெண்கள் உயிர் பிழைக்க அவருடைய அலுவலகத்துக்கு ஓடினார்கள். அங்கேயே அவர்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். தலைவர் தடுக்கவில்லை, தூண்டியும் விட்டார். வேலியே பயிரை மேய்ந்தது!

ஆனால், முதலில் தயாரித்த குற்றப்பத்திரிகையில் இந்தக் கொடுமை இல்லவே இல்லை. 1997-ல் விசாரணை நடந்தபோது, சாட்சி சொல்ல வந்த பெண்கள் அதை வெளியிட்டார்கள். அவர்களுடைய பெயரும் முகமும் வெளியே தெரியாமல் பாதுகாக்கப்பட்டன. நவநீதம் அம்மையார் மேலும் கேள்விகள் கேட்டார். விவரம் வெளிவந்தது. குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது.

1998 செப்டம்பர் 2-ந் தேதி மூன்று நீதிபதிகளும் தீர்ப்புச் சொன்னார்கள். அகாயேசு குற்றவாளி! பிறகு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இனப்படுகொலைக் குற்றத்துக்காகச் சர்வதேசக் கோர்ட்டு ஒன்று விசாரணை நடத்தி அளித்த முதல் தீர்ப்பு இது. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு பெண்களைப் பலாத்காரம் செய்வதும் இனப்படுகொலையே என்று சொன்ன முதல் தீர்ப்பும் இதுதான். அதற்குமுன், "போர் என்றால் அப்படித்தான்" என்று உலகம் இதைத் தள்ளிவிட்டிருந்தது.

இரண்டே நாளில், குற்றத்தை ஒப்புக்கொண்ட முன்னாள் பிரதமர் கம்பாண்டாவுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. வட்டாரத் தலைவருக்கும் பிரதமருக்கும் ஒரே சட்டம்!

நாக்கும் ஆயுதம்தான்

டுட்சிகளைக் "கரப்பான் பூச்சிகள்" என்று வானொலியிலும் பத்திரிகையிலும் திட்டியவர்கள் மூவர். அவர்கள் மீதும் வழக்கு நடந்தது. நவநீதம் அம்மையார் தலைமையில் 2003-ல் தீர்ப்பு வந்தது. கொலை செய்யத் தூண்டிய பேச்சும் எழுத்தும் குற்றமே என்றது கோர்ட்டு. 2007-ல் மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனாலும், மூவருக்கும் 30 ஆண்டும் அதற்கு மேலும் ஜெயில்தான்.

நான்கு குற்றங்கள்

1998-ல் ரோம் நகரில் நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தப்படி, நிரந்தரமான ஒரு சர்வதேசக் குற்றக் கோர்ட்டு 2002-ல் தோன்றியது. நெதர்லாந்தில் ஹேக் நகரில் இருக்கிறது. நவநீதம் அம்மையார் அங்கும் 2003 முதல் 2008 வரை நீதிபதியாக இருந்தார்.

அந்தக் கோர்ட்டு விசாரிப்பது நான்கு குற்றங்களை:

1. இனப்படுகொலை: ஓர் இனத்தையோ மதத்தினரையோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யும் கொடுமை.

2. மனித குலத்துக்கு எதிரான குற்றம்: பொதுமக்கள் மீது பரவலாக அல்லது திட்டமிட்டு நடத்தும் கொலை, சித்திரவதை முதலியவை.

3. போர்க் குற்றம்: கைதிகளையும் நிராயுதபாணிகளையும் கொல்வது போன்றவை.

4. ஆக்கிரமிப்பு: சட்ட விரோதமாக இன்னொரு நாட்டின் மீது படையெடுப்பது.

சொந்த நாட்டுக் கோர்ட்டு ஒழுங்காக விசாரித்தால் ஹேக் கோர்ட்டு தலையிடாது. அது செய்யாதபோதுதான் இது வரும்.

குறையும் உண்டு. இந்தக் கோர்ட்டுக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது. நாடுகள் பிடித்துக் கொடுத்தால்தான் உண்டு. சுமார் 120 நாடுகள் சேர்ந்திருந்தாலும் இந்தியா, அமெரிக்கா, ரஷியா, சீனா ஆகியவை சேரவில்லை. பலமுள்ளவர்களைத் தொட முடியவில்லையே என்ற மனத்தாங்கல் உலகத்தில் இருக்கிறது. அது நியாயமானதே.

ஆனாலும், லெம்கினின் பேராசிரியர் சொன்ன கோழிக் கதையை இன்று எந்தப் பேராசிரியரும் பதிலாகச் சொல்ல முடியாது.

நம் பிள்ளைகளும் படிக்கலாம்

பிளஸ்-2 முடித்தவர்கள் ஐந்து ஆண்டும், பட்டம் பெற்றவர்கள் மூன்று ஆண்டும் சட்டம் படிக்கலாம். கீழ்பென்னாத்தூர்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே விழுப்புரத்திலும் வேலூரிலும் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. சட்டப் படிப்பில் சர்வதேசச் சட்டம் ஒரு கட்டாயப் பாடம். விரும்பியவர்கள் மேல்படிப்பில் அதையே தனிப்பாடமாக எடுக்கலாம்.

"பெண் பிள்ளைக்குச் சட்டம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அருஷாவில் அந்தப் பெண்கள் தங்கள் துயரத்தைச் சொன்னபோது, காது கொடுத்துக் கேட்டு மேலும் விசாரித்தவர் ஒரு பெண் நீதிபதி. அவர் ஒரு பஸ் டிரைவரின் மகள். அவரைப் படிக்க வைத்தது, ஏழைகள் சேர்த்துக் கொடுத்த காசு!