குதிரையடியில் ஒரு மெழுகுவத்தி

பனிவழிப் பயணம் – 6

சென்ற வாரம் வியன்னா ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து நான்கு மணி நேரத்தில் பிராக் வந்துவிடுகிறது. வழியெல்லாம் அறுத்துவிட்ட வயல்கள். அவற்றின்மேல் சுண்ணாம்பு தெளித்ததுபோல் மெல்லிய பனி. மூன்று மணிக்கே வெளிச்சம் சோர ஆரம்பித்தது. ஜனவரி நடுவில் பிராக்கில் நாலரைக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். மறுநாள் விடிவதற்குக் காலை எட்டு மணி ஆகும்.

“பிராக்கா? மே மாசம் போங்க, ஊரே பூத்துக் கிடக்கும்” என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதில் தப்பில்லை. ஆனால் நான் நாள் குறித்தது ஜனவரி 16ஐ வைத்து. இந்த ஊர்க்காரர்கள் மனதில் ஆழப் பதிந்த தேதிகள் பலவும் குளிரில் வருபவை: நவம்பர் 17, டிசம்பர் 29, ஜனவரி 16. கோடையில் வருகிறவர் கட்டடங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார். அந்தத் தேதிகளில் இவர்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

ரயில் நிலையத்திலிருந்து வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்கு நடந்தே போய்விடலாம். சதுக்கம் என்று பெயரே தவிர, அது 750 மீட்டர் நீளத்துக்கு ஓடும் அகன்ற வீதி. ஒரு காலத்தில் குதிரைச் சந்தை நடந்த இடம். மேட்டில் தேசிய அருங்காட்சியகம். அதற்கு முன்னால் குதிரைமேல் வென்செஸ்லாஸ். யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் பிராக் மக்கள் ‘குதிரையடியில்’ என்று மட்டும் சொல்லிக்கொள்வார்கள். எந்தக் குதிரை என்று யாரும் கேட்பதில்லை.

அருங்காட்சியகத்தின் தூண்களைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கறுத்த மணற்கல்லில் அங்கங்கே வெளிர்நிறத் திட்டுகள், அம்மைத் தழும்பு மாதிரி. 1968 ஆகஸ்ட் 20 நள்ளிரவில் வார்சா ஒப்பந்தப் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. மறுநாள் சோவியத் சிப்பாய்கள் இந்தக் கட்டடத்தைச் சுட்டுத் துளைத்தார்கள். துளைகளை அடைத்த புதுக் கல்லின் நிறம் பழைய கல்லோடு ஒட்டவேயில்லை. கட்டடம் முழுவதையும் புதுப்பித்து 2018இல் திறந்தபோதும் அந்தத் தழும்புகள் தெரியும்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். நல்ல காரியம் செய்தார்கள்.

அதற்கு நேர் எதிரே, நடைபாதைத் தரையில் ஒரு வெண்கலச் சிலுவை கிடக்கிறது. நிறுத்தி வைத்த சிலுவை இல்லை, படுத்த சிலுவை. சின்னச் சின்னக் கற்கள் பாவிய தளம் அந்த இடத்தில் மட்டும் புடைத்து மேடு தட்டியிருக்கிறது, அடியிலிருந்து யாரோ எழப் பார்ப்பதுபோல. 1969 ஜனவரி 16 அன்று பிற்பகல் யான் பாலாக் என்ற 20 வயது மாணவர் இங்கேதான் தன் உடலில் தீ வைத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து, 19ஆம் தேதி இறந்தார்.

சார்லஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. அவர் விட்டுச் சென்ற கடிதத்தின் கோரிக்கைகள் இரண்டு: தணிக்கையை நீக்க வேண்டும்; ஆக்கிரமிப்பாளர்கள் அச்சடித்துப் பரப்பிய பத்திரிகையைத் தடை செய்ய வேண்டும். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘தீப்பந்தம் எண் 1’ என்று இருந்தது. மருத்துவமனையில் அவரைப் பார்த்துவிட்டு வந்த சக மாணவர், இனி வேறு யாரும் இதைச் செய்ய வேண்டாம் என்று பாலாக் கேட்டுக்கொண்டதாக அறிவித்தார். ஆனாலும் பிப்ரவரி 25ஆம் தேதி இதே வீதியில் யான் ஸயீட்ஸ் என்ற இன்னொரு மாணவரும் அதே வழியில் போனார். சிலுவை இருவருக்கும் சேர்த்துத்தான். எந்த ஊரிலும் எந்தப் பிள்ளையும் இப்படிப் போகக் கூடாது. அங்கே நின்றபோது எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. சிலுவையைச் சுற்றி மலர்க்கொத்துகள். செக் கல்லறைகளில் வைப்பார்களே, மூடி போட்ட கண்ணாடிக் குவளைக்குள் மெழுகு, அவை முப்பது நாற்பது எரிந்துகொண்டிருந்தன. நானும் வழியில் ஒரு கடையில் இரண்டு வாங்கி வந்திருந்தேன். காற்று பலமாக வீசியது. தீக்குச்சி ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தது. பக்கத்தில் நின்ற மூதாட்டி ஒருவர் ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து குவளையை வாங்கி, காற்றுக்கு முதுகைக் கொடுத்து, குவளையைச் சாய்த்துப் பிடித்து, எரியும் இன்னொரு மெழுகிலிருந்து சுடரை எடுத்தார். திரி பிடித்ததும் மூடியைப் போட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். நான் வைக்க வேண்டும் என்பதற்காக.

“எனக்கு அப்போது 19 வயது” என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான். கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு சுரங்க ரயில் படிக்கட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

பாலாக்கின் இறுதி ஊர்வலம் ஜனவரி 25 அன்று நடந்தது. பெருங்கூட்டம். ஓல்ஷானி இடுகாட்டில் புதைத்தார்கள். மக்கள் வருவது நிற்கவில்லை. பூவும் விளக்கும் குவிந்தபடியே இருந்தன. அரசுக்கு அது பொறுக்கவில்லை. 1973இல் ரகசியப் போலீசார் உடலைத் தோண்டி எடுத்து எரித்து, சாம்பலை ஊரிலிருந்த தாயிடம் அனுப்பினார்கள். காலியான குழியில் யாரோ ஒரு வயதான பெண்ணின் உடலைப் புதைத்தார்கள். அப்போதும் மக்கள் அதே இடத்துக்குப் பூ கொண்டுவந்தார்கள். சாம்பல் அந்த இடத்துக்குத் திரும்பியது 1990இல்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1989 ஜனவரியில், அவர் இறந்த 20ஆம் ஆண்டு நினைவுக்காக இந்த வீதியில் கூடியவர்கள்மீது ஒரு வாரம் விடாமல் தடியடி. அந்தக் குளிரில் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள். ஜனவரி வீதியில் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு கொடுமை என்று விளங்கும். பூ வைக்க வந்தவர்களில் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலும் ஒருவர். கைது செய்து சிறையில் போட்டார்கள். நவம்பர் 17இல் மாணவர் ஊர்வலம் ஒன்றைப் போலீசார் அடித்து நொறுக்க, அதிலிருந்து கிளம்பியதுதான் வெல்வெட் புரட்சி. டிசம்பர் 29 அன்று அதே ஹாவெல் நாட்டின் ஜனாதிபதி. ஒரே ஆண்டு, இரண்டு குளிருக்கு நடுவில்.

விரல் நுனிகள் மரத்துப் போனதும் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன உணவகத்துக்குள் நுழைந்தேன். எல்லோர் முன்னாலும் ‘ஸ்வர்ஷாக்’, அதாவது கிராம்பும் பட்டையும் போட்டுச் சுடவைத்த ஒயின். நான் கேட்டது பூண்டு சூப். உருளைக்கிழங்கு, சீரகம் போலவே இருக்கும் கேரவே விதை, நிறையப் பூண்டு, மேலே பொரித்த ரொட்டித் துண்டு. இரண்டு கரண்டி உள்ளே போனதுமே காது மடல் சூடானது. சில்லறை தருவதற்காகக் கல்லாவில் இருந்த பெண் தன் பர்ஸைத் திறந்தபோது, நாணயங்களுக்கு நடுவே நகக்கண் அளவுக்கு மினுங்கும் ஏதோ ஒன்று இருந்தது. என்ன என்று கேட்டேன். எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மீன் செதில்.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு இவர்களுக்குக் கெண்டை மீன்தான். தென் பொஹீமியாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு வெட்டிய ஏரிகளில் வளர்த்து, கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு பிராக் தெருக்களில் பெரிய தொட்டிகளில் உயிரோடு கொண்டுவந்து விற்பார்கள். உயிரோடு வாங்கிப்போய் வீட்டுக் குளியல் தொட்டியில் விட்டு வைக்கும் பழக்கமும் உண்டு. பிள்ளைகள் பெயர் வைத்து விளையாட ஆரம்பித்துவிட்டால், அப்புறம் வெட்ட மனம் வராமல் ஆற்றில் கொண்டுபோய் விட்டுவிடும் குடும்பங்களும் இருக்கின்றன. விருந்து முடிந்ததும் ஒரு செதிலைப் பர்ஸில் வைத்துக்கொண்டால் வருஷம் பூராவும் காசு தங்கும் என்பது நம்பிக்கை. அந்தப் பெண் செதிலைத் திரும்பப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டுத்தான் எனக்குச் சில்லறை தந்தார்.

மறுநாள், 17ஆம் தேதி, ஏழேகாலுக்கெல்லாம் சார்லஸ் பாலத்தில் இருந்தேன். இன்னும் விடியவில்லை. கோடையில் இந்தப் பாலத்தில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. இப்போது 516 மீட்டர் நீளத்துக்கும் சேர்த்து ஏழெட்டுப் பேர். இரண்டு பக்கமும் முப்பது சிலைகள். இரவெல்லாம் ஒரே திசையிலிருந்து பனி வீசியிருந்ததால் ஒவ்வொரு சிலைக்கும் ஒரு பக்கம் வெள்ளை, மறு பக்கம் கறுப்பு. கீழே வல்டாவா ஆறு சத்தமில்லாமல் ஓடுகிறது. அணைகள் கட்டுவதற்கு முன்பு குளிர்காலத்தில் உறைந்து, பனிக்கட்டியை அறுத்து எடுத்துப்போன ஆறு இது. இப்போது நகரத்துக்குள் உறைவது அபூர்வம்.

பாலத்துக்கு அடிக்கல் நாட்டிய முகூர்த்தத்தைப் பற்றி இங்கே ஒரு கதை உண்டு. 1357ஆம் ஆண்டு, 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடம். வரிசையாக எழுதினால் ஒற்றைப்படை எண்கள் ஏறி இறங்கும்: 1 3 5 7 9 7 5 3 1. நான்காம் சார்லஸ் மன்னன் அப்படித்தான் நேரம் பார்த்துத் தொடங்கினான் என்று ஊரே சொல்கிறது. நல்ல நேரம் பார்க்கும் நமக்கு அதை நம்புவதில் கஷ்டமில்லை. நடுப்பாலத்தில் நெப்போமுக் யோவான் சிலை. 1393இல் அரசன் ஆணையால் இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் எறியப்பட்ட பாதிரியார். சிலையின் அடியில் இருக்கும் உலோகப் பலகையில், மக்கள் தொட்டுத் தொட்டு ஒரு இடம் மட்டும் பொன்னாக மின்னுகிறது. கையுறையைக் கழற்றித் தொட்டேன். சுரீர் என்றது.

பாலத்தைத் தாண்டி மேற்குக் கரையில் கொஞ்ச தூரம் போனால் வெற்றி அன்னை ஆலயம். நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் படமாகத் தொங்கும் குழந்தை இயேசுவின் மூலச் சொரூபம் இங்கேதான் இருக்கிறது. 1628இல் லோப்கோவிட்ஸ் குடும்பத்துப் பொலிக்சேனா கார்மேல் சபைத் துறவிகளுக்குக் கொடுத்தது. ஒரு முழ உயரம்தான். நான் போனபோது மூன்று பேர் முழந்தாளிட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன்.

கரை மாறி மறுபடி கிழக்கே வந்தால் பழைய யூதர் பகுதி. பிங்காஸ் தொழுகைக்கூடத்தைப் பற்றி எழுத வார்த்தைகளைத் தேட வேண்டியிருக்கிறது. உள்ளே படமோ சிலையோ இல்லை. வெறும் சுவர்கள், சுவர் முழுக்கப் பெயர்கள். நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் சிவப்பில், பிறகு ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த நாளும், கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த நாளும். 1950களில் எழுதி முடித்தார்கள். 1968இல் நிலத்தடி நீர் ஊறுகிறது என்று கூடத்தை மூடினார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி முடியும்வரை அது திறக்கவேயில்லை, பெயர்களும் போய்விட்டன. 1992 முதல் 1996 வரை உட்கார்ந்து அத்தனை பெயர்களையும் முதலிலிருந்து மறுபடி எழுதினார்கள்.

கூட்டமில்லாததால் ஒரு சுவர் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க முடிந்தது. கண் மட்டத்தில் இருந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு படித்தேன். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நான்கு பேருக்கும் பிறந்த நாள் வேறு வேறு. கடைசித் தேதி ஒன்றே. அதற்கு மேல் அந்தச் சுவரில் என்னால் படிக்க முடியவில்லை.

வெளியே வந்து இரண்டு நிமிடம் நடந்தால் ஆற்றங்கரையில் யான் பாலாக் சதுக்கம். செம்படைச் சதுக்கம் என்று இருந்ததற்கு 1989இல் இந்தப் பெயர் நிலைத்தது. அங்கேதான் அவர் படித்த கலைப்புலக் கட்டடம். சுவரில் அவருடைய முகம்: இறந்த பின் பிணவறைக்கே போய் சிற்பி ஒல்பிராம் ஸோபெக் எடுத்த அச்சு. கண் மூடிய, மெலிந்த, சின்னப் பையன் முகம். அதன் கீழே முந்தின இரவு ஏற்றிய விளக்குகளில் சில இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

நான் இந்தக் கட்டடத்தைத் தேடி வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1348இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்திருக்கிறார்கள். கமில் சுவலபில் பிராக்கில் பிறந்தவர். இந்த ஊரின் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியபடி இங்கே தமிழும் திராவிட மொழியியலும் சொல்லிக்கொடுத்தார். அருங்காட்சியகத் தூண்களைத் துளைத்த அதே 1968 அவரையும் துரத்தியது. குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறி சிகாகோ, லெய்டன், உத்ரெக்ட் என்று போனார். சங்கப் பாடல் முதல் புதுமைப்பித்தன் வரை தமிழ் இலக்கியத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ‘முருகனின் புன்னகை’ நூல் 1973இல் வெளிவந்தபோது அவர் அயல்நாட்டில் இருந்தார். நீலகிரி இருளர்களின் மொழியைப் பற்றி உழைத்ததும் அந்த ஆண்டுகளில்தான். இங்கே தமிழ் அறுந்துவிடவில்லை. பின்னால் யாரொஸ்லாவ் வாசெக் வந்தார். சங்கப் பாடல்களின் செடிகொடிகளையும் விலங்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தவர், 2017இல் மறைந்தார்.

சுவலபில் பிறந்தது 1927 நவம்பர் 17. அவருக்கு 12 வயது நிறைந்த அன்று, 1939 நவம்பர் 17, நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை மூடி, மாணவர் தலைவர்கள் உள்ளிட்ட ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 62 வயது நிறைந்த அன்று அவர் ஊரில் புரட்சி தொடங்கியது. பிரான்சில் ஒரு கிராமத்தில் அவர் கண்மூடியது 2009 ஜனவரி 17.

கோட்டுப் பையில் நேற்று வாங்கிய இரண்டாவது மெழுகுவத்தி இருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. காற்றுக்கு முதுகைக் கொடுத்து, அந்த அம்மா செய்ததுபோல் குவளையைச் சாய்த்து, பாலாக்குக்கு யாரோ ஏற்றியிருந்த விளக்கிலிருந்து சுடரை எடுத்தேன். வரிசையின் கடைசியில் வைத்து மூடியைப் போட்டேன். கொஞ்சம் ஆடிவிட்டு நின்று எரிந்தது.